தேக்காவில் ஒரு முழு நாள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் ஞாயிறு, மாலை ஐந்தரை மணிக்கு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்கினேன். மீன் வாங்க வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், வாழை இலை போட்டு ஒரு சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று மூன்று வேலைகள் மனதில் இருந்தன. சந்தையில் மீன்கடைகள் எல்லாம் கழுவி மூடிக் கிடந்தன. பணம் அனுப்பும் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று என் முறை வந்தபோது அடையாள அட்டையை அறையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. உணவகத்திலோ அத்தனை கூட்டம். எதுவும் நடக்காமல் அறைக்குத் திரும்பினேன்.

இப்போது மாதம் இரண்டு முறையாவது போகிறேன். இந்தப் பேட்டையில் காலையில் ஒரு உலகம், மாலையில் வேறொரு உலகம். எந்த நேரத்தில் எது கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும், மற்றதெல்லாம் தானாக அமையும். நான் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தேக்கா என்றால் தேக்கா நிலையம் என்ற கட்டடம் மட்டும் இல்லை. சிராங்கூன் சாலையும் அதன் இருபுறத்துச் சந்துகளும் சேர்ந்த லிட்டில் இந்தியா முழுவதையும் நம்மவர்கள் தேக்கா என்றுதான் சொல்வார்கள். அதேபோல டாலருக்கு இங்கே வெள்ளி என்று பெயர். கடைக்காரர் "ஏழு வெள்ளி" என்றால் ஏழு சிங்கப்பூர் டாலர்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

மீன், இறைச்சி, காய்கறி வாங்கப் போவதானால் காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். ஒன்பதுக்குள் முடித்துவிட்டால் இன்னும் நல்லது. மதியத்துக்கு மேல் ஈரச்சந்தையில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். திங்கட்கிழமை பல மீன்கடைகளுக்கு விடுமுறை, அதனால் அந்த நாளை விட்டுவிடுங்கள். தேக்கா நிலையத்தைத் துப்புரவுப் பணிக்காக அவ்வப்போது சில நாட்கள் முழுவதுமாக மூடுவார்கள். அந்தத் தேதிகள் முன்கூட்டியே தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையதளத்தில் வந்துவிடும்.

ஞாயிறு மாலை கூட்டம் நெரியும். தீவின் எல்லா மூலையிலிருந்தும் நம் தொழிலாளர் சகோதரர்கள் வாரத்தில் ஒருநாள் கூடும் நேரம் அது. ஊர்க்காரர்களைத் தேடிப் பார்க்க வேண்டும், நின்று பேச வேண்டும் என்றால் அதைவிட நல்ல நேரம் கிடையாது. எனக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். ஆனால் அதே நேரத்தில் பொருளும் வாங்கி, வங்கி வேலையும் பார்த்து, சாப்பிட்டும் வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வேலை முடிய வேண்டுமானால் செவ்வாய் முதல் வெள்ளி வரை, அல்லது சனிக்கிழமை காலை.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

வேலைக்கு வந்தவர்கள் வேலை அனுமதி அட்டை வைத்திருங்கள். பணம் அனுப்பவும் சிம் வாங்கவும் அதைக் கேட்பார்கள். சுற்றுலாவாக வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அவர்களுடைய பாஸ்போர்ட் அசல். நகலும் கைப்பேசியில் எடுத்த படமும் எல்லா இடத்திலும் செல்லாது. இதனால் நாங்கள் பட்ட நஷ்டத்தை ஏழாவது படியில் எழுதியிருக்கிறேன்.

ரொக்கமாக 50 வெள்ளி, சில்லறை நோட்டுகளாக. உணவங்காடியில், அதாவது சின்னச் சின்ன உணவுக்கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தலாம், ஆனால் அதற்கு இங்கே வங்கிக் கணக்கு வேண்டும். வந்த முதல் வாரத்தில் அது யாரிடமும் இருக்காது. மீதிச் சில்லறையில் புருணை நாட்டு நோட்டு வந்தால் பயந்து திருப்பிக் கொடுக்காதீர்கள். இரு நாட்டுப் பணமும் சம மதிப்பு என்று 1967இலேயே ஒப்பந்தம் உண்டு. இங்கே அது செல்லும், நம் ஊருக்குக் கொண்டுபோய் மாற்றுவதுதான் சிரமம். வந்தால் அன்றே செலவழித்துவிடுங்கள்.

ஒரு துணிப்பை, மீனுக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் பை, ஒரு பொட்டலம் டிஷ்யூ பேப்பர். டிஷ்யூ எதற்கு என்பது ஐந்தாவது படியில்.

3. போய்ச் சேருவது

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தடம், டௌன்டௌன் தடம் இரண்டும் சந்திக்கின்றன. வெளியேறும் வழி சி-யில் ஏறினால் தேக்கா நிலையம் பக்கத்திலேயே இருக்கும். முஸ்தபா என்ற பெரிய கடை அல்லது சீனிவாசப் பெருமாள் கோயில்தான் உங்கள் முதல் வேலை என்றால் ஒரு நிறுத்தம் தள்ளி ஃபேரர் பார்க்கில் இறங்குங்கள்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை அப்படியே தட்டிவிட்டுப் போகலாம். வெளிநாட்டில் வாங்கிய அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். நாலைந்து நாளுக்கு மேல் தங்குகிறவர்கள், காசு ஏற்றிப் பயன்படுத்தும் ஈஸிலிங்க் பயண அட்டை வாங்குவது மேல். ஏறும்போது தட்டிய அதே அட்டையை இறங்கும்போதும் தட்டுங்கள். ஏறும்போது அட்டை, இறங்கும்போது கைப்பேசி என்று மாற்றினால் இரண்டு அரைகுறைப் பயணங்களாகக் கணக்காகி, கட்டணம் எகிறிவிடும்.

ரயிலுக்குள் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. சந்தையில் வாங்கிய மீனைக் கொண்டுபோகலாம், ஆனால் தண்ணீர் ஒழுகாமல் இரண்டு பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

4. காலையில் சந்தை

தேக்கா நிலையத்தின் தரைத்தளத்தில் ஒருபுறம் ஈரச்சந்தை, மறுபுறம் உணவங்காடி. மேல்தளத்தில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். சந்தைக்குள் நுழைந்ததும் வாங்கத் தொடங்காமல் ஒரு சுற்று முழுக்க நடந்து பாருங்கள். ஒரே மீன் இரண்டு கடை தள்ளி விலை மாறும்.

மீன் பெயர்களில்தான் புதியவர்கள் திண்டாடுவார்கள், ஏனென்றால் இங்கே மலாய்ப் பெயர்கள் வழக்கத்தில் உள்ளன. நம் வஞ்சிரம் இங்கே தெங்கிரி. கொடுவா, சியாக்காப். வாவல், பாவால். இந்த மூன்றும் தெரிந்தால் ஆறு மாதத்துக்குச் சமையல் ஓடும். சீன வியாபாரிகளில் பலருக்கு மீனையும் காயையும் நம் பெயரில் சொன்னாலே புரியும், சிலர் தமிழிலேயே விலை சொல்வார்கள். பழைய பழக்கத்தில் சிலர் கட்டிக் கணக்கில் பேசுவதும் உண்டு. ஒரு கட்டி என்பது ஏறக்குறைய 600 கிராம். "கிலோ எவ்வளவு?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு நிறுக்கச் சொல்லுங்கள்.

எடையையும் மொத்த விலையையும் கேட்ட பிறகே வெட்டச் சொல்ல வேண்டும். வெட்டிய மீனைத் திருப்ப முடியாது. குழம்புக்கா வறுவலுக்கா என்று சொல்லிவிட்டால் அதற்கேற்பத் துண்டு போட்டுச் சுத்தம் செய்து தருவார்கள், அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை.

சந்தைக்கு வெளியே பஃப்ளோ ரோட்டில் வாழை இலை, வெற்றிலை, முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம் எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலையைக் காயோடு சேர்த்து ஓசியாகப் போடச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். இங்கே பெரும்பாலும் அது விலைக்குத்தான். பூக்கடைகளும் அங்கேயே. மல்லிகைச் சரம் கட்டுகிறவர்கள் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றாலே அன்றைக்கு மனசு லேசாகிவிடும்.

5. சாப்பாடு

உணவங்காடியில் முதலில் இடம் பிடிக்க வேண்டும். மேசை மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடம் ஆள் பிடித்த இடம். குப்பை என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டு உட்காராதீர்கள். நீங்களும் அப்படி வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம். இதற்கு இங்கே "சோப்" (chope) என்று பெயர். கைப்பேசியை மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

காலைப் பசிக்கு பரோட்டா. இங்கே ரொட்டி பிராட்டா என்பார்கள். அப்பம், இடியாப்பம், தோசை, வடையும் உண்டு. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள், குருமா எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். பரோட்டா ஒன்றுக்கு ஒன்றரை வெள்ளி போல, பிரியாணி ஏழு எட்டு வெள்ளி போல நான் கொடுத்து வருகிறேன். பிரியாணிக் கடைகளில் பகல் பன்னிரண்டு மணிக்கு வரிசை நீண்டுவிடும், பதினொன்றரைக்கே போய்விடுங்கள். நல்ல கடைகளில் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும்.

டீ, காபி சொல்வதற்கு ஒரு தனிப் பாடமே வேண்டும். வெறுமனே "தே" அல்லது "கோப்பி" என்றால் கெட்டிப் பால் ஊற்றி, நல்ல இனிப்பாக வரும். பால் வேண்டாம் என்றால் கடைசியில் "ஓ" சேர்க்க வேண்டும்: தே ஓ, கோப்பி ஓ. அதில் சர்க்கரை உண்டு. சர்க்கரையும் வேண்டாம் என்றால் அதோடு "கோசோங்": தே ஓ கோசோங். கெட்டிப் பாலுக்குப் பதில் சுண்டிய பாலும் சர்க்கரையும் போட்டது "தே சி". நம் வீட்டு டீயின் ருசிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது இதுதான். இனிப்பு குறைக்க "சியூ தாய்", ஐஸ் போட "பெங்". நீரிழிவு உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் "கோசோங்" என்ற ஒரு சொல்லையாவது மறக்காதீர்கள். இஞ்சி டீ வேண்டுமானால் "தே ஹாலியா". தொண்டை கட்டிய நாட்களில் எனக்கு அது மருந்து மாதிரி.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப்போய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் இது சட்டம். முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் அடுக்குகள் தனித்தனி. பலகையைப் படித்துப் பார்த்து வையுங்கள். இது அபராதத்துக்காக மட்டும் சொல்வதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் மார்க்கத்தை மதிப்பதும் அதில் இருக்கிறது.

குளிர்சாதன உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட நினைத்தால், சைவத்துக்குச் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் நடக்கிறது. வாழை இலையில் மீன் தலைக் கறி வேண்டுமானால் ரேஸ் கோர்ஸ் சாலை. முத்தூஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ இரண்டும் அந்தச் சாலையில்தான் உள்ளன. மீன் தலைக் கறி ஒருவர் தனியாகச் சாப்பிடும் பண்டமில்லை. மூன்று நான்கு பேராகப் போனால் செலவும் பகிரப்படும், சட்டியும் காலியாகும்.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது, விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் என்று அர்த்தம். 20 வெள்ளி என்று போட்டது கையில் 23 வெள்ளி 98 காசு ஆகும். நான்கு பேர் சாப்பிட்டால் இந்த வித்தியாசமே கிட்டத்தட்ட இன்னொரு ஆளின் சாப்பாட்டுக் காசு. சில இடங்களில் குடிதண்ணீருக்கும் காசு உண்டு, உட்காரும்போதே கேட்டுவிடுங்கள்.

6. துணி, நகை, முஸ்தபா

மேல்தளத் துணிக்கடைகளில் பேரம் பேசலாம், பொறுமையாகப் பேசினால் குறையும். ரவிக்கை தைக்கக் கொடுப்பதானால் தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் அவசரக் கூலி கேட்பார்கள், அளவும் தப்பும். கொடுக்கும் நாளில் ரசீதில் தேதி எழுதி வாங்குங்கள்.

நகைக்கடையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இன்றைய 916 தங்கத்தின் கிராம் விலை என்ன, செய்கூலி எவ்வளவு. தங்க விலையைப் பலகையில் போட்டிருப்பார்கள், கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இருக்காது. செய்கூலியில்தான் பேச இடம் உண்டு. ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இந்தியச் சுங்க விதியை நினைவில் வையுங்கள். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கே நகைக்கு வரிச்சலுகை, ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை. பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்த அம்மாவுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ரசீதைக் கையோடு வைத்திருங்கள்.

சையது ஆல்வி ரோட்டில் இருக்கும் முஸ்தபாவில் எல்லாமே கிடைக்கும், நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். பட்டியல் எழுதாமல் உள்ளே போகாதீர்கள். தளத்துக்குத் தளம் பொருள் மாறும், முதல்முறை போகிறவர்களுக்குத் திசையே தெரியாது. வார நாளில் இரவு பத்து மணிக்கு மேல் நிம்மதியாகச் சுற்றலாம்.

7. சுற்றுலாவாக வந்தவர்கள் வரியைத் திரும்பப் பெற

இது வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இல்லை. உங்களைப் பார்க்க வந்த பெற்றோருக்குக் கிடைக்கும். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்து 100 வெள்ளி வந்தால் போதும். கடை பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்ததாகவும், அந்த வரியைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திரும்பத் தரும் திட்டத்தில் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். சின்னக் கடைகள் பல பதிவு செய்திருக்காது, ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வாங்கும் இடத்திலேயே அவர்களுடைய அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

என் அம்மா வந்திருந்தபோது 600 வெள்ளிக்கு வாங்கினோம். பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது, கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன், ஏற்கவில்லை. 600 வெள்ளியில் 49 வெள்ளிக்கு மேல் வரி. கையாளும் கட்டணம் போனாலும் நல்ல தொகைதான் கையில் வந்திருக்கும். அம்மா அந்தக் காசில் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் ஏதாவது வாங்கியிருப்பார்.

வாங்கிய இரண்டு மாதத்துக்குள் பொருளோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் இதற்கென இயந்திரங்கள் உண்டு. பொருள் பெரிய பெட்டியில் போகிறது என்றால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும், சுங்க அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்கலாம். இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். தரைவழியாக மலேசியாவின் ஜோகூர் போகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

8. பணம் அனுப்புவதும் சிம் வாங்குவதும்

உரிமம் பெற்ற கடையில் மட்டும் அனுப்புங்கள். மாற்று விகிதம், அனுப்பும் கட்டணம் இரண்டையும் சேர்த்து, "ஊரில் கைக்கு எத்தனை ரூபாய் வரும்?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் ஒப்பிட எளிது. சம்பள நாளை அடுத்த ஞாயிறைத் தவிர்த்தால் வரிசை குறையும்.

முன்கட்டண சிம்முக்கு அடையாள ஆவணம் கட்டாயம். உங்கள் பெயரில் ஒன்று வாங்கிக் கொடுங்கள், காசு தருகிறேன் என்று யாராவது தேடி வரலாம். பாவம் பார்த்துக்கூட வாங்கிக் கொடுக்காதீர்கள். மோசடிக் கும்பலுக்கு அந்த எண் போகும். 2025 தொடக்கத்திலிருந்து அப்படி சிம்மைக் கைமாற்றுவதே இங்கே குற்றம், உங்கள் வேலையே போய்விடும்.

9. தெரியாமல் செய்து மாட்டிக்கொள்ளும் தப்புகள்

தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவில் இன்னும் கடுமை: சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை முழுத் தடை. பொது விடுமுறைகளை ஒட்டியும் தடை உண்டு. திடலில் உட்கார்ந்து நண்பர் ஒரு டின்னை நீட்டினாலும் வாங்காதீர்கள்.

மெல்லும் புகையிலை, குட்கா, மின்சிகரெட் மூன்றும் தடை. ஊரிலிருந்து வரும்போது யாருக்காகவும் எடுத்து வராதீர்கள். வெற்றிலை போடலாம், தெருவில் துப்பினால் குற்றம். சிராங்கூன் சாலையை நினைத்த இடத்தில் கடக்காதீர்கள், சிக்னலுக்கு 50 மீட்டருக்குள் குறுக்கே போனால் அபராதம் உண்டு.

10. மாலை

வீரமாகாளியம்மன் கோயில் சிராங்கூன் சாலையிலேயே இருக்கிறது. பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறக்கும். மீன் வாங்கிய பையோடு போக வேண்டாம். சந்தை காலையில், கோயில் இன்னொரு நாள் மாலையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அனுமதி இலவசம். கிளம்புவதற்கு முன் திறந்திருக்கும் நேரத்தை இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கலங்காரம், கேம்பல் லேன் பக்கம் கடைவீதி. முந்தின நாள் இரவு கால் வைக்க இடமிருக்காது, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு வாரம் முன்பே போய்வாருங்கள். தைப்பூசத்தன்று காவடிகள் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டுத் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். இங்கே அன்றைக்குப் பொது விடுமுறை இல்லை, எனவே விடுப்புக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாலைகளை மூடுவதால் பேருந்தை நம்பாமல் ரயிலில் போங்கள். விடியற்காலையிலேயே போய் நின்றால் நெரிசலில்லாமல் காவடிகளைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். பார்த்து முடித்து வெளியே வரும்போது தேக்காவில் முதல் பரோட்டா கல்லில் விழுந்திருக்கும்.